காலி வண்டி

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட நாற்பது கிலோமீட்டர் சாலையில் எங்கள் அப்பா முப்பது ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டினார். ஆகஸ்டு மாதம் பனிமய மாதா திருவிழாவுக்குச் செல்வோர், செப்டம்பரில் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்துக்குச் செல்வோர், முருகன் கோயிலுக்கு வருவோர் என அனைவரையும் சுமந்தது அந்த ஒரே அம்பாஸடர்தான். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

அப்பா மற்ற வேலைகளைப் பட்டறையில் விட்டாலும், டைமிங் வைப்பதை மட்டும் எவரிடமும் விட்டதில்லை. கடற்கரை ஊரில் அது அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. உப்புக்காற்றில் நான்கு நாள் நின்ற வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம் பூத்திருக்கும். பாயிண்ட் முனைகள் கருத்திருக்கும். அவர் அவற்றைத் தேய்த்துத் துடைத்து, ஃபீலர் கேஜால் பதினைந்து தவ், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பார். அதன் பிறகே டைமிங்கைத் தொடுவார். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் பிந்தும். ஆகவே வரிசையை மாற்றிச் செய்தவன் இரண்டு வேலையையும் மறுபடி செய்ய நேரும்.

பிறகு ஒன்றாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை எங்கள் பெருவிரலால் மூடச் சொல்வார். வண்டியைத் தள்ளிச் சுழற்றும்போது காற்று விரலை முட்டித் தள்ளினால் பிஸ்டன் அழுத்த ஓட்டத்தில் மேலேறுகிறது என்று பொருள். புல்லியின் வெட்டு உரிய முள்ளுக்கு நேரே வந்ததும் நிறுத்துவார். ஒரு சிறு பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலும் மறு வயரை எஞ்சின் உடலிலும் சேர்த்து, சாவியைத் திருகி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புவார். பல்பு எரியும் அந்தக் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். அங்கே திருகை இறுக்குவார். தீ பாயும் வரிசை 1, 3, 4, 2 என்பதை நாங்கள் வாய்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தோம்.

பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி ஏன் விழ வேண்டும்? கலவை முழுதும் பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் வேண்டும், எஞ்சினோ காத்திருப்பதில்லை. நிமிடத்துக்கு 800 சுற்றில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிராங்க் ஐந்து டிகிரி திரும்பிவிடும். 3000 சுற்றிலோ அதே நேரத்தில் பதினெட்டு டிகிரி. எனவே வேகம் கூடக்கூடத் தீப்பொறியும் முந்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுருள்வில்லால் பிணைத்த இரு எடைகள் சுழற்சியில் விரிந்து அதைச் செய்கின்றன. பக்கவாட்டில் உள்ள வேக்குவம் டப்பா, வண்டி சுமையின்றி இலேசாக ஓடும்போது மேலும் சிறிது முந்தச் செய்யும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் அந்த உபரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதன் குழாயை வாயால் உறிஞ்சி, உள்ளே தட்டு நகர்கிறதா என்று பார்ப்பது எங்களுக்குப் பிடித்த வேலை. பெட்ரோல் நாற்றத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

1964இல் அமெரிக்காவில் வந்த போன்டியாக் ஜிடிஓ போன்ற கார்களின் எஞ்சின் ஆறரை லிட்டருக்குச் சற்றே குறைவு. எங்கள் அம்பாஸடரோ 1489 சிசி. ஆயினும் அவற்றை வைத்திருந்த இளைஞர்கள் செய்ததும் இதே வேலைதான். மெல்லிய சுருள்வில் போட்டு, அட்வான்ஸ் விரைவில் வரச் செய்தார்கள். இழுவை கூடும் என்ற அந்த ஆசை எங்களையும் விடவில்லை.

1988 செப்டம்பரில் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அண்ணன் தம்பி இருவரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே கூடுதலாகத் திருப்பினோம். ஆறுமுகநேரி உப்பளங்களை ஒட்டிய சமதளச் சாலையில், மாலைக் குளிரில், வண்டி அம்பாய்ப் பாய்ந்தது. அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை நாங்கள் கண்டுபிடித்துவிட்டதாகவே எண்ணினோம். மறுநாள் நண்பகல் மணப்பாட்டுக்குச் சவாரி: ஆறு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள், சமையல் பாத்திரங்கள், ஓர் அரிசி மூட்டை. ஆலந்தலை தாண்டும்போதே எஞ்சினில் சரளைக் கற்களைக் குலுக்குவது போன்ற ஒலி எழுந்தது. நாக்கிங் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், பின்னிருக்கையில் பாடிய பாட்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு மிதித்தோம். குலசேகரன்பட்டினம் கடந்ததும் வண்டி நின்றது. அந்தக் குடும்பம் வெயிலில் மூட்டைகளுடன் நடந்தது. வயதான அம்மா ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

எஞ்சினைப் பிரித்தபோது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தது. மூன்றாம் பிஸ்டனின் ரிங் உடைந்திருந்தது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. திருவிழாக் காலத்துச் சவாரிகள் அத்தனையும் போயின. அப்பா அடிக்கவில்லை. வண்டி மீண்டு வந்த அன்று, ஐந்து பேரையும் இரண்டு உப்பு மூட்டைகளையும் ஏற்றச் சொன்னார். டாப் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகையில் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தார். மெல்லிய ஒரு கிலுகிலுப்பு எழுந்து, வேகம் ஏறியதும் மறைந்தது. "இவ்வளவுதான் வரலாம். காலி வண்டி பொய் சொல்லும்லே," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுதும் நின்றது. 2014இல் அம்பாஸடர் உற்பத்தியும் நின்றது. எங்கள் வண்டி மட்டும் கொட்டகையில் நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது காது அறவே கேட்பதில்லை. சென்ற மாதம் புதிய பாயிண்ட் போட்டு, ஸ்ட்ரோப் விளக்கால் குறியைப் பார்த்து டைமிங் வைத்தோம். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டி, ஒரு மயிரிழை பின்னே என்று விரலால் சைகை செய்தார். திருப்பினோம். தலையசைத்தார்.

ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டபோது, குனிந்து பின்னிருக்கையை எட்டிப் பார்த்தார்.

"காலியாவா போறீங்க?"

வீரபாண்டியன்பட்டினத்துத் தெருவில் பந்தாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டோம். அப்பா முன்னிருக்கையில் அமர்ந்து, டாஷ்போர்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.