கோயிலைச் சுற்றி ஒரு தலைநகரம்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த பெரிய கோயிலைச் சுற்றிவிட்டு, திருச்சி–சிதம்பரம் சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் கோயிலைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 1025 வாக்கில் தஞ்சையிலிருந்து அரசிருக்கை மாறியது முதல் 1279-இல் சோழர் ஆட்சி முடிந்தது வரை, சுமார் 250 ஆண்டுகள் இந்த ஊர் ஒரு பேரரசின் தலைநகரம். அந்த நகரம் இன்று அரியலூர் மாவட்டத்து வயல்களுக்கும் முந்திரித் தோப்புகளுக்கும் அடியில் கிடக்கிறது. கோயிலை மட்டும் காத்து நகரத்தைக் கைவிடுவது பாதி வரலாற்றைத்தான் காக்கும். முழுப் பரப்பையும் வரலாற்றுக் காப்பகமாக அறிவிக்க வேண்டும்.

நகரத்துக்குச் சான்று நிறையவே உண்டு. சோழகேரளன் திருமாளிகை, இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, கோட்டை மதில் எல்லாம் கல்வெட்டுகளில் வருகின்றன. கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் இருக்கும் மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1980-களில் அகழாய்வு செய்தது. 2021-இல் மீண்டும் தொடங்கியது. அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. பல இடங்களில் சுவரே இல்லை. செங்கல்லைப் பெயர்த்தெடுத்துப் போன பள்ளம்தான் இருந்தது. கோயிலும் தப்பவில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கற்களைக் கொண்டுபோனார்கள். தடுக்க முயன்ற ஊர் மக்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இந்த ஊரின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் வருத்தும் செய்தி இதுதான்.

இன்றைய சட்டம் மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத்தைத் தடுக்கிறது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி கேட்கச் சொல்கிறது. கோயிலிலிருந்து அளந்தால் அந்த எல்லை மாளிகைமேட்டைத் தொடாது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று பழைய நகரின் உறுப்புகளைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர்களையும் தொடாது. அங்கெல்லாம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலோ, பொக்லைன் வைத்து மண் எடுத்தாலோ, ஒரு தெருவின் தடயம் ஒரே நாளில் போய்விடும்.

காப்பகம் என்றாலே நிலம் பறிபோகும் என்று உழவர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் எடுத்த நிலங்கள், திட்டம் வராமலே பல்லாண்டுகள் கிடந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். விஜயநகரப் பேரரசின் தலைநகரமாயிருந்த ஹம்பியில் 2011-இல் கோயிலின் முன்னிருந்த கடைவீதிக் குடும்பங்களை வெளியேற்றிய விதமும் நல்ல முன்மாதிரி அல்ல. ஆனால் அதே ஹம்பியில்தான் 40 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாரம்பரியப் பரப்புக்குள் நெல்லும் வாழையும் விளைகின்றன, மக்கள் வாழ்கிறார்கள். இங்கேயும் நிலம் உழவரிடமே இருக்கட்டும். மேலாக உழுவதால் ஆழத்திலிருக்கும் அடித்தளத்துக்குப் பெரிய கேடில்லை. ஆழமாகத் தோண்டுவதற்கு மட்டும் முன்னனுமதி வேண்டும். அதனால் வரும் இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத மண்ணைக் காப்பானேன் என்று கேட்பவர்களும் உண்டு. அரசன் இறைவனுக்கு எதைக் கட்டினான் என்பதைக் கோயில் காட்டுகிறது. நகரத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், சீனத்துப் பாண்டம் யார் வீட்டில் புழங்கியது என்பதை இந்த மண்தான் சொல்ல வேண்டும். தோண்டாமல் விட்டுவைப்பதும் பாதுகாப்புதான். நாளைய ஆய்வாளருக்கு இன்றைவிட நல்ல கருவிகள் கிடைக்கும்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் சோழகங்கம். இராசேந்திரன் வெட்டுவித்த அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித் தூணாகப் போற்றுகிறது. இன்று மக்கள் அதைப் பொன்னேரி என்கிறார்கள். தூர் வாரி, வரத்து வாய்க்காலைச் சீராக்கினால் பாசனமும் பெருகும், தலைநகரின் மேற்கு விளிம்பும் காக்கப்படும். கரையிலும் மதகிலும் கை வைக்கும் முன் நீர்வளத் துறையினருடன் தொல்லியலாளரும் அங்கே நிற்க வேண்டும். இதற்கு எந்த உழவரும் ஒரு சென்ட் நிலம்கூட இழக்க வேண்டியதில்லை.