விலை பேசவா, பழுதுபார்க்கவா?

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1-5



படாளத்தில் வாழும் நமக்கு டிராக்டர் புதுமையன்று. மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நம் ஊரிலேயே அமைந்திருப்பதால், அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிவரும் வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றே பழகியவர்கள் நாம். சாலையோரம் நிற்பவருக்குச் சிவப்பு நிற டிராக்டர்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மெக்கானிக்கின் கண்ணுக்கோ அவை வெவ்வேறானவை. அதிலும் பழைய வண்டிகளில் ஒரு மாடலை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது தனி அறிவு. அந்த அறிவைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். ஏனெனில் சபைக்குள்ளும் நாம் ஒருவரையொருவர் பிரித்தறிய முற்படுகிறோம். அதை எந்த நோக்கத்தோடு செய்கிறோம் என்பது ஓர் ஆத்துமா நிலைப்பதற்கோ விலகிப்போவதற்கோ காரணமாகிவிடக்கூடும்.

ஹாரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர் உருவாக்கிய டி.இ.20 டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்டது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. எல்லாம் சாம்பல் நிறம். ஆயினும் ஒன்று பெட்ரோலில் ஓடியது. ஒன்று மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடியது. மற்றொன்று டீசலில் ஓடியது. தகட்டில் பொறித்திருந்த ஓர் எழுத்து இவற்றைப் பிரித்துக் காட்டிற்று. டி.இ.ஏ. என்றால் பெட்ரோல், டி.இ.டி. என்றால் மண்ணெண்ணெய் வகை, டி.இ.எஃப். என்றால் டீசல்.

அதன் பின்பு 1956-இல் பெர்குசன் 35 வந்தது. சாம்பல் நிறத் தகடுகளும் பொன்னிற என்ஜினும் அதன் அடையாளம். பெர்குசனின் நிறுவனம் 1953-இலேயே மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்திருந்தது. ஆகவே சில காலத்திற்குள் அதே வண்டி சிவப்புச் சாயம் பூசப்பட்டு, மாஸி பெர்குசன் 35 என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. நிறமும் பெயரும் மாறினவேயன்றி இயந்திரம் மாறவில்லை.

அடுத்து நடந்தது இதற்கு நேர்மாறானது. அந்தச் சிவப்பு வண்டியின் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின், குளிர்ந்த காலைகளில் எளிதில் இயங்கத் தொடங்காது என்று பெயர் வாங்கியிருந்தது. ஆகையால் 1959-இன் இறுதியில் அதை நீக்கி, பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் என்ஜினைப் பொருத்தினார்கள். வெளியே அதே நிறம், அதே வளைந்த பானெட், அதே 35 என்னும் எண். உள்ளே இருந்ததோ வேறு இருதயம். என்ஜினின் பக்கத்தில் குனிந்து, இன்ஜெக்டர்கள் நான்கா மூன்றா என்று எண்ணிப் பார்ப்பவருக்கே உண்மை தெரியும். 1964-இன் இறுதியில் வந்த 135 மாடலை இனங்காண அவ்வளவு சிரமமில்லை. அதன் முகப்பு சதுரமாகிவிட்டது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த 1035 மாடலும் இந்தக் குடும்பத்திலிருந்து வந்ததே. இன்றும் 1035 டி.ஐ. என்னும் பெயரை நம் விவசாயிகள் அறிவார்கள்.

பிரியமானவர்களே, இங்கே இருவகைத் தவறுகளுக்கு இடமுண்டு. சாம்பலும் சிவப்பும் வேறு வேறு என்று எண்ணி, ஒன்றாயிருப்பதை இரண்டாகப் பிரிப்பது ஒரு தவறு. சிவப்பெல்லாம் ஒன்றே என்று எண்ணி, வேறாயிருப்பதை ஒன்றாகக் கருதுவது மற்றொரு தவறு. கைதட்டிப் பாடுகிறவரும் பாட்டுப் புத்தகத்தை விரித்து அமைதியாய்ப் பாடுகிறவரும் ஒரே இரட்சகரை நேசிக்கக்கூடும். ஒரே வரிசையில் வெள்ளுடை உடுத்தி அமர்ந்திருக்கிற இருவரில் ஒருவர் உடைந்த உள்ளத்தோடும், மற்றவர் கடின உள்ளத்தோடும் இருக்கக்கூடும். ஈசாயின் வீட்டில் எலியாபின் உயரத்தைக் கண்டு சாமுவேல் தீர்க்கதரிசியே தடுமாறினார் என்றால், நாம் எம்மாத்திரம்?

அப்படியானால் பிரித்தறிய முயல்வதே கூடாதா? அப்படி வேதம் சொல்லவில்லை. ஆவிகளைச் சோதித்தறியும்படி யோவான் எழுதுகிறார். கனிகளால் மரத்தை அறியலாம் என்று ஆண்டவரே போதித்தார். எதற்காக அறிகிறோம் என்பதே கேள்வி.

பழைய டிராக்டரைச் சுற்றிவரும் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் தரகர், மற்றவர் மெக்கானிக். இருவரும் கேட்பது ஒரே கேள்வி: இது எந்த மாடல்? இருவரும் தகட்டைத் துடைத்துப் பார்க்கிறார்கள். இருவரும் சாயத்தை நம்புவதில்லை. தரகர் குறையைக் கண்டால் விலையைக் குறைக்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது. மெக்கானிக் குறையைக் கண்டால் சட்டையின் கையை மடித்துவிடுகிறார். அவர் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. நான்கு சிலிண்டர் என்ஜினின் கேஸ்கட் மூன்று சிலிண்டர் என்ஜினுக்குப் பொருந்தாது. சரியான உதிரிப் பாகத்தைத் தேடுவதற்காகவே அவர் மாடலைக் கேட்கிறார்.

இவ்வாரத் தியானப் பகுதியில், தவறிப்போன ஒருவனை ஆவிக்குரியவர்கள் சாந்தத்தோடு சீர்ப்படுத்த வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். அங்கே அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல் ‘கதார்திட்சோ’. மத்தேயு 4:21-இல் யாக்கோபும் யோவானும் படகிலிருந்து தங்கள் வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று வாசிக்கிறோமே, அங்கும் இதே சொல்தான். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் வலையை மடியில் விரித்து அமர்ந்திருக்கும் மீனவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலையின் ஒவ்வொரு கண்ணையும் விரலால் தடவி, கிழிசல் எங்கே என்று தேடுகிறார்கள். கிழிசலைக் கண்டு வலையைக் கடலில் எறிந்துவிடுவதற்காக அவர்கள் தேடுவதில்லை.

முன்பு நான் ஊழியம் செய்த சபையொன்றில், குடிப்பழக்கத்தால் பல ஆண்டுகள் விலகியிருந்த ஒருவர் ஆராதனைக்குத் திரும்பி வந்தார். நான்கு மாதங்கள் தவறாமல் வந்தபின், திருவிருந்தில் பங்குபெற விரும்பினார். அது குறித்து மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். “இது மனந்திரும்புதலா, மேல்பூச்சா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் குடும்பம் பட்ட பாடு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்போது, வாழ்நாளெல்லாம் டிராக்டர் ஓட்டிய முதியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, பட்டறைக்கு வர்ற வண்டிய எந்த மாடல்னு மெக்கானிக் கேக்குறாரே, அது துரத்தி விடறதுக்கா? எந்த சாமான் பொருந்தும்னு பாக்கத்தானே கேக்குறாரு?”

அந்தக் கூட்டத்தின் போக்கு அத்தோடு மாறியது. அவர் உண்மையானவரா என்று தீர்ப்பளிப்பதை விட்டு, அவருக்கு என்ன தேவை என்று பேசத் தொடங்கினோம். சம்பள நாளன்று மாலையில் அவரோடு வீடுவரை நடந்துபோக ஒருவர் முன்வந்தார். அவர் மனைவியைக் கலந்துகொண்ட பிறகே எதையும் முடிவு செய்வது என்று ஒத்துக்கொண்டோம். அந்தச் சகோதரர் அதன் பின்பும் இரண்டு முறை விழுந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டு முறையும் அவரைத் தேடிப்போக ஆட்கள் இருந்தார்கள். இன்று அவர் ஆராதனையில் காணிக்கைப் பை ஏந்துகிறார்.

பவுல் இதோடு நிறுத்தவில்லை. பிறனைச் சீர்ப்படுத்துகிறவன் தன்னையும் பார்த்துக்கொள்ளவேண்டும்; அவனவன் தன் செயலைத் தானே சோதிக்கவேண்டும் என்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் 2-ஆம் வசனத்திலும் 5-ஆம் வசனத்திலும் ‘பாரம்’ என்ற ஒரே சொல்லே வருகிறது. மூலத்தில் அவை ‘பரோஸ்’, ‘ஃபோர்தியோன்’ என்னும் இரு வேறு சொற்கள். முந்தியது ஒருவரை அழுத்தி நசுக்கும் பளு. அதைச் சேர்ந்து சுமக்கவேண்டும். பிந்தியது அவரவருக்கென்று அளக்கப்பட்ட சுமை; அதற்கு அவரவரே தேவனுக்கு முன்பாக உத்தரவாதி. இவ்விரண்டையும் பிரித்தறியாதபோது, பிறனுடைய பளுவை அவன் தலையிலேயே விட்டுவிட்டு, நம் சுமையைப் பிறன்மேல் ஏற்றிவிடுகிறோம்.

இவ்வாரம் ஒருவரைப் பற்றி ‘இவர் எப்படிப்பட்டவர்’ என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழுமானால், அதைத் தள்ளிவிட வேண்டாம். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இவருக்கு இப்போது எது தேவை? அதில் என் கை செய்யக்கூடியது எது? அதற்கு விடை கிடைத்தால், ஞாயிறுவரை காத்திராமல் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.

ஜெபம்: இருதயங்களை அறிகிற ஆண்டவரே, எங்களை முற்றிலும் அறிந்திருந்தும் எங்களைத் தள்ளிவிடாத உமது கிருபைக்காக ஸ்தோத்திரம். பிறருடைய குறையைக் காணும்போது விலை பேசுகிற நாவை எங்களிடமிருந்து அகற்றி, பழுதுபார்க்கிற கைகளைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.