டெனருக்கு நைட் ஷிஃப்ட்

போச்சம்பள்ளியில் ஞாயிறு என்றால் சந்தை. ஆடும் கோழியும் வந்து இறங்கி ரோடு அடைபடுவதற்குள் ஆராதனை முடிந்தாக வேண்டும். அதனால் பாட்டுப் பயிற்சியெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே. நான் போனது அதைப் பார்க்கத்தான்.

தகரக் கூரை போட்ட சின்ன சி.எஸ்.ஐ. கோயில். எல்லோரும் ஆர்கன் என்று சொல்வது ஒரு பழைய யமஹா கீபோர்டு. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு ஊர் நாசரேத் பக்கம். சிப்காட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங். ஓசூர் தொடங்கி இங்கே வரை ஆலைகள் பெருகப் பெருக, நெல்லைச் சீமைக் கொயர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துவிட்டார்கள், சோல்ஃபா புத்தகத்தோடு. ஐந்து கோட்டு இசைக்குறி தெரியாதவர்களும் பாடட்டும் என்று 19-ம் நூற்றாண்டில் ஜான் கர்வன் என்ற ஆங்கிலப் பாதிரியார் பரப்பிய முறை அது. அவர் நாட்டில் மங்கிப்போனது; நம் தெற்கத்திக் கொயர்களில் இன்னும் புழங்குகிறது.

நான்கு குரலும் ஒரே நாளில் கூடுவது ஷிஃப்ட் சார்ட்டின் தயவு. சொப்ரானோ, ஆல்ட்டோவுக்குப் பஞ்சமில்லை. பெண்களை அதிகம் எடுக்கும் ஆலைகள் இந்தப் பக்கம் நிறைய. இங்குள்ள ஓலா ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்தார்கள். ஆண் குரலுக்குத்தான் அல்லாட்டம். அன்றைக்கு பேஸ் இரண்டு பேர், டெனர் சைபர்.

அண்ணாச்சியின் கையைக் கிட்டே நின்று பார்த்தேன். பியானோவில் விரலை எடுத்தாலும் பெடலை மிதித்து நாதத்தைத் தங்கவைக்கலாம். ஆர்கனில் விரல் எழுந்த கணமே ஒலி அறுந்துவிடும். அதனால் நாலாம் விரல் அமுக்கியிருக்கும் கட்டையிலேயே சுண்டுவிரலையும் கொண்டுவந்து ஊன்றுகிறார். நாலாம் விரல் நழுவி அடுத்த கட்டைக்குப் போய்விடுகிறது. காதுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வரி முடிவில் மட்டும் வேண்டுமென்றே இரண்டு கைகளையும் தூக்கிவிடுகிறார்.

“தூக்கலைன்னா சனம் மூச்சு வாங்காம இழுத்துக்கிட்டே போகும் தம்பி. அடுத்த வரி ஆளுக்கொரு பக்கம் போயிரும்.”

பைபிள் சங்கீதத்தை சேன்ட் செய்வது இதைவிடப் பாடு. ஆங்கிலிக்கன் சேன்ட்டில் எளிய வகைக்கு மொத்தமே பத்து கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்): முன்பாதிக்கு நாலு, பின்பாதிக்கு ஆறு. வசனம் எவ்வளவு நீண்டாலும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரே கார்டில் நின்று பேச்சு வேகத்தில் சொல்லிக்கொண்டே போய், கடைசிச் சில அசைகளில் மட்டும் நகர வேண்டும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயர் பாடும்போது சுலபம்போலத் தோன்றும். ஆங்கிலச் சொல் குட்டை. தமிழிலோ வினைமுற்று கடைசியில்தான் வந்து விழும், அதுவும் ‘இரக்கமாயிருக்கிறார்’ என்று நீளமாக. எந்த அசையில் கார்டை மாற்றுவது என்று அவர் சங்கீதப் புத்தகத்தில் பென்சிலால் கோடு கிழித்து வைத்திருக்கிறார். அழித்தழித்துப் போட்டதில் தாளே நைந்துவிட்டது.

கீர்த்தனை வந்ததும் வாசிப்பே மாறுகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த பாட்டுகளுக்குப் பல்லவி உண்டு, ராகம் உண்டு. மேலே நாலு குரல் கார்டை ஏற்றினால் கமகம் நசுங்கும். இடது கையில் ச-ப, வலது கையில் பாட்டு, அவ்வளவுதான். இளசுகள் கீர்த்தனைக்கும் கார்டு போட்டுத் தள்ளுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவருக்கும்தான், வெளியே சொல்ல மாட்டார்.

எல்லை மாவட்டம் என்பதால் சபையில் தெலுங்கும் கன்னடமும் உண்டு. 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த ‘ஓல்ட் ஹண்ட்ரட்’ மெட்டு இங்கே கைகொடுக்கிறது. நாலு வரி, வரிக்கு எட்டு சுரம். அந்தக் கணக்குக்கு எழுதிய பாட்டு எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றாகவே பாடலாம். மூச்சு வாங்கும் இடமும் ஒன்றே.

நிஜமான பைப் ஆர்கனை அவர் பார்த்தது சென்னை எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க்கில். யார்க்‌ஷயரில் செய்து 1883-ல் நிறுவியது. எட்டடிக் குழாய் எழுதிய ஸ்தாயியிலேயே பேசும், நாலடி ஒரு ஸ்தாயி மேலே, பதினாறடி கீழே என்று அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். கொயர்ப் பெண்கள் ஹாஸ்டல் கேட் மூடிவிடுவார்கள் என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு டெனருக்கு என்ன செய்வீங்க அண்ணாச்சி?”

“அதான் இருக்கே” என்று இடது கைப் பெருவிரலைக் காட்டினார். நாலு குரலில் டெனர் வரி அந்த விரலுக்குத்தான். “இதுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது.”