முந்நூறு ஓமுக்கு எத்தனை வோல்ட்?

ஹெட்போனுக்கு ஆம்ப்ளிபையர் தேடுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கல்யாண வீட்டு மைக்செட் முதல் காரில் பொருத்தும் ஸ்பீக்கர் வரை வாட் கணக்கிலேயே பேசிப் பழகிவிட்டோம். கையில் இருப்பது 300 ஓம், 600 ஓம் என்று அச்சிட்ட ஹெட்போன் என்றால் இந்தக் கேள்வியால் பயனில்லை. "எத்தனை வோல்ட்?" என்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத் தெரியாததால் தேவைக்கு மேல் பல மடங்கு செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். அருமையான ஹெட்போனைப் பழுது என்று நினைத்துப் பரணில் போட்டவர்களையும் தெரியும்.

மயிலாடுதுறையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவர் மகன் விடுமுறைக்கு வந்தபோது சென்ஹைசர் எச்டி 650 ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஊர் திரும்பிய கையோடு எனக்குப் போன் வந்தது.

"தவில் தனி வரைக்கும் பரவால்லடா. ஆலாபனை வந்தா காதுல ஒண்ணுமே விழல. சவுண்டை முழுசா வெச்சுப் பாத்தாச்சு. இது பழுதா?"

"பழுதெல்லாம் இருக்காது பெரியப்பா. எதுல மாட்டிக் கேக்குறீங்க?"

"என் போன்லதான். அதுல துளையே இல்ல. கடையில ஒரு சின்ன வால் வாங்கி மாட்டியிருக்கேன்."

அந்தச் சின்ன வாலில்தான் விஷயம் இருக்கிறது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது. பிறகு பெரும்பாலான போன்களில் அது காணாமல் போயிற்று. அந்த இடத்துக்கு வந்ததுதான் வால். அதன் முனைக்குள் எண்களை ஒலியலையாக மாற்றும் சில்லும் ஒரு குட்டி ஆம்பும் இருக்கின்றன. எல்லா வாலும் ஒன்றுபோல் வேலை செய்யாது. ஆப்பிள் அமெரிக்காவில் விற்கும் சி-டைப் வால் 1 வோல்ட் வரை தருகிறது. அதே பொருளின் ஐரோப்பிய வடிவம் அரை வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. கேட்பவரின் காதைக் காப்பதற்காக ஐரோப்பா வைத்த வரம்பு அது. அரை வோல்ட், சாதாரண 32 ஓம் இயர்போனில் காது கூசும் அளவுக்கு ஒலிக்கும். பெரியப்பாவின் எச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்போனில் அப்படி நடக்காது.

ஏன் என்பதை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. புல்லாங்குழல் நிறையக் காற்றைக் கேட்கும், ஆனால் அழுத்தம் அதிகம் வேண்டாம். நாகஸ்வரத்தின் சீவாளிக்குள் காற்றை அழுத்தித் தள்ளினால்தான் நாதம் பிறக்கும். உயர் இம்பீடன்ஸ் ஹெட்போன், அதாவது ஓம் எண் கூடியது, நாகஸ்வர ஜாதி. அதற்கு வேண்டியது மின்னழுத்தம். மின்னோட்டம் மிகக் கொஞ்சம் போதும். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் திறன் கிடைக்கும். 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனுக்குள் 31 மில்லிவாட் போகிறது. 300 ஓமுக்குள் 3.3 மில்லிவாட், 600 ஓமுக்குள் 1.7 மில்லிவாட்தான்.

அப்படியானால் எதற்காக ஓமைக் கூட்டிச் செய்கிறார்கள்? ஹெட்போனின் சவ்வோடு ஒட்டிய சுருளில் மிக மெல்லிய கம்பியைப் பல சுற்று சுற்றினால் எதிர்ப்பு கூடும். வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இதை விரும்பின. ஒரே ஆம்பிலிருந்து பல ஹெட்போன்களை இணையாக மாட்டலாம், ஒவ்வொன்றும் இழுக்கும் மின்னோட்டம் சொற்பம். தொலைபேசிக் காலத்திலிருந்தே 600 ஓம் ஒரு வழக்கமான அளவு. 600 ஓமில் ஒரு மில்லிவாட்டைத் தரும் 0.775 வோல்ட்டை ஒலிப் பொறியாளர்கள் அடிப்படை அளவாகவே வைத்திருந்தார்கள். 1968இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414, திறந்த முதுகு ஹெட்போன்களுக்கு வழி திறந்த கருவி, 2000 ஓம் கொண்டது. ஹெய்ல்பிரான் நகரத்து பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 880 மாடல் 32, 250, 600 என்று மூன்று ஓம் அளவுகளில் வெளிவந்தது. மூன்றுக்கும் ஒரு மில்லிவாட்டில் 96 டெசிபல் என்றே நிறுவனம் குறிக்கிறது. ஆகவே ஓம் கூடினால் ஹெட்போன் மந்தமாகிவிடும் என்று சொல்வது சரியில்லை. அதே மில்லிவாட்டைக் கொண்டுசேர்க்க அதிக வோல்ட் வேண்டும், அவ்வளவே.

பெரியப்பாவின் எச்டி 650க்கு வருவோம். 1 வோல்ட்டில் 103 டெசிபல் என்று தயாரிப்பாளர் தருகிறார். இசையின் உச்சத் தருணங்கள், தவிலில் விழும் ஓர் அடி மாதிரியானவை, 110 டெசிபலைத் தொட வேண்டும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கூடுதலாக வேண்டிய 7 டெசிபலுக்கு மின்னழுத்தம் இரண்டேகால் வோல்ட் ஆக வேண்டும். அப்போது ஓடும் மின்னோட்டம் 7.5 மில்லி ஆம்பியர், சின்ன எல்.இ.டி. விளக்குக்குக்கூட வழக்கமாக இதற்கு மேல் தேவைப்படும். 600 ஓம் டிடி 880ஐ அதே 110க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3.9 வோல்ட் வேண்டும். அதாவது 25 மில்லிவாட்.

வெறும் 25 மில்லிவாட்! மேசைமேல் செங்கல் கனத்தில் உட்கார்ந்து வாட் கணக்கில் முழங்கும் ஆம்புகளைப் பார்க்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கையடக்கக் கருவியில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. லித்தியம் பேட்டரி ஒன்று தருவது 3.7 வோல்ட். ஒலியலை மேலும் கீழும் ஊசலாடுவது. 4 வோல்ட் என்று நாம் சொல்லும் அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையில் 11 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்து இதை எடுக்க வேண்டுமானால் உள்ளே மின்னழுத்தத்தை ஏற்றும் சுற்று வேண்டும். அது இரைச்சலைக் கிளப்பாமல் இருக்க வேண்டும், பேட்டரியையும் சீக்கிரம் தீர்த்துவிடக் கூடாது. விலை கூடுவதன் நியாயமான காரணம் இதுதான். நல்ல கருவியையும் சுமாரான கருவியையும் பிரிப்பதும் இதுவே.

இந்தச் சிக்கலை எளிமையாகத் தீர்த்த இரண்டு பேரை நன்றியோடு சொல்ல வேண்டும். சூ மோய் என்பவர் 1990களில் வெளியிட்ட சுற்றுப்படத்தை உலகம் முழுவதும் ஆர்வலர்கள் புதினா மிட்டாய் டப்பாவுக்குள் அடக்கிச் செய்தார்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப் சில்லு, கைவிரல்களில் எண்ணக்கூடிய உதிரிப் பாகங்கள். ஒரே 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு வோல்ட்டுக்கு மேல் எடுத்துவிடலாம். 300 ஓம் ஹெட்போனுக்கு அது போதும். பிறகு 2011இல் நியூஅவ்கை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஆம்பை வடிவமைத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள், மலிவான பாகங்கள், ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற விளக்கம், முழு அளவீடுகள். எல்லாவற்றையும் யாரும் பார்க்கும்படி இலவசமாக வைத்தார். 2012இல் எழுதுவதை நிறுத்திவிட்டார். யார் என்று சொல்லாமலே போய்விட்டார். விலைப்பட்டியலை வைத்து ஒலியை எடைபோட்டுக்கொண்டிருந்த பலரை அளவுகோலை எடுக்க வைத்தது அவருடைய வேலை. ஆம்ப் பற்றி நான் இன்று நம்புவதில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது.

பெரியப்பாவுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஒரு குட்டிக் கருவியை எடுத்து வைத்தார். "240 மில்லிவாட் சார், எந்த ஹெட்போனும் ஓடும்." பெட்டியின் பின்புறத்தைத் திருப்பினால் சிறிய எழுத்தில் 32 ஓம் என்று இருந்தது. அதுவும் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையில். சாதாரண 3.5 மி.மீ. துளைக்கு 120 மில்லிவாட். கணக்குப் போட்டால் 120 மில்லிவாட் என்பது 32 ஓமில் 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே 2 வோல்ட் 300 ஓமில் 13 மில்லிவாட்டாகச் சுருங்கும். பேலன்ஸ்டு துளையில் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆம்புகள் எதிரெதிராக நின்று தள்ளுவதால் மின்னழுத்தம் இரட்டிப்பாகி 4 வோல்ட்டை எட்டக்கூடும். 300 ஓமில் 53 மில்லிவாட். பெட்டியின் முகப்பில் அச்சிட்ட 240 என்ற எண்ணிலிருந்து இந்த இரண்டில் ஒன்றைக்கூட யாராலும் ஊகிக்க முடியாது. 300 ஓமுக்கும் 600 ஓமுக்கும் தனித்தனியே எண் தருகிற தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். சார்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட மோஜோவுக்கு 600 ஓமில் 35 மில்லிவாட் என்று நேராகவே சொல்லியிருந்தது. அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை ஹெட்போன் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த இசை என்பதும் தீர்மானிக்கிறது. இன்றைய திரைப்பாடல்கள் முழுக்க அழுத்திச் சத்தமாக்கப்பட்டவை. மெல்லிய இடமும் பலத்த இடமும் ஏறக்குறைய ஒரே உயரம். கச்சேரிப் பதிவு அப்படி இல்லை. தவிலோ மிருதங்கமோ உச்சத்தைத் தொட இடம் விட வேண்டும் என்பதால் பாட்டும் ஆலாபனையும் மிகத் தாழ்வாகப் பதிவாகியிருக்கும். பெரியப்பாவின் குறை இதுதான்: தவில் கேட்டது, ஆலாபனை கேட்கவில்லை.

இதை அளந்து பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். உங்களுக்குப் பிடித்த பதிவை விருப்பமான சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள், இது முக்கியம். வால்யூமைத் தொடாமல், முழு அளவில் பதிந்த 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். அந்தப் பதிவுக்கு உங்களுக்குத் தேவைப்படும் அதிகபட்ச வோல்ட் மீட்டரில் தெரியும். எச்டி 650இல் திரைப்பாடலுக்கு எனக்கு அரை வோல்ட்கூட ஆகவில்லை. கச்சேரிப் பதிவுக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டியது.

ஆம்பின் உள் இம்பீடன்ஸ் பற்றி நிறையப் பேசுகிறார்கள். உயர் ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இதில் கவலைப்பட அதிகம் இல்லை. எச்டி 650இன் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சுமார் 500 ஓம் வரை ஏறுகிறது. பழைய பாணியில் 120 ஓம் உள் இம்பீடன்ஸ் கொண்ட கருவியில் மாட்டினால் அந்த இடத்தில் அடிநாதம் ஒரு டெசிபல் போலத் தூக்கலாகக் கேட்கும். இன்றைய நல்ல கருவிகளில் அது ஒன்றிரண்டு ஓம்தான். வித்தியாசம் காதுக்கு எட்டாது. ஆனால் ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை மாற்றும் கெய்ன் சுவிட்ச் வேண்டும் என்பேன். வீட்டில் யாராவது 16 ஓம் இயர்போனை அதே கருவியில் மாட்டினால் உயர் கெய்னில் 'உஸ்' சத்தம் கேட்கும், வால்யூமை ஒரு மயிரிழை நகர்த்தினாலே அலறும்.

"பெரிய ஆம்பில் மாட்டினால்தான் இந்த ஹெட்போன் உயிர் பெறும்" என்று சொல்பவர்கள் பலர். போதிய வோல்ட் கிடைத்த பிறகு, இரண்டு ஆம்பின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள் என்றே அவர்களிடம் சொல்கிறேன். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைச் 'செழுமை' என்று எடுத்துக்கொள்ளும். சமப்படுத்திய பின் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

எச்டி 650 போன்ற, ஒலி வெளியே கசியும் திறந்த முதுகு ஹெட்போனுக்குக் கையடக்க ஆம்ப் எதற்கு, அதை ரயிலில் போட்டால் எதிர் இருக்கைக்காரருக்கும் பாட்டுக் கேட்குமே என்பார்கள். உண்மை, ரயிலில் போடக் கூடாது. ஆனால் இரவில் மொட்டை மாடியிலும் மின்வெட்டிலும் பேட்டரியில் ஓடும் கருவி வேண்டும். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் லேப்டாப்பை சார்ஜரோடு மாட்டினால் ஹெட்போனில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடும். ஆலாபனையின் நிசப்தத்துக்கு நடுவே அது பெரிய தொல்லை. பேட்டரிக்கு மாறினால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

கடைசியில் பெரியப்பாவுக்கு வாங்கிக்கொடுத்தது 3.5 மி.மீ. துளையிலேயே 2 வோல்ட் தரும், கெய்ன் சுவிட்ச் உள்ள ஒரு எளிய வால். பேலன்ஸ்டு கம்பிக்கும் பெரிய பெட்டிக்கும் பணம் போகவில்லை. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளை அவர் குறைந்த கெய்னிலேயே கேட்கிறார். பிற்காலக் கச்சேரிப் பதிவுகளுக்கு மட்டும் சுவிட்சைத் தள்ளுகிறார். 600 ஓம் ஹெட்போன் என்றால் 4 வோல்ட் தரும் கருவியை, ஒருவேளை தனிப் பேட்டரி உள்ளதாக, தேடியிருப்பேன். வேண்டிய வோல்ட் கிடைத்துவிட்டது என்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். நாம் கணக்கில் எடுத்த 110 கண நேரத்து உச்சங்களுக்கு மட்டுமானது.

உங்களிடம் உயர் ஓம் ஹெட்போன் இருந்தால் கடைக்குப் போகும் முன் கையில் இருக்கும் கருவியை அளந்துவிடுங்கள். 2021இலிருந்து வரும் மேக்புக் ப்ரோ, மாட்டியது 150 ஓமுக்கு மேற்பட்டது என்று கண்டுகொண்டால் தானாகவே 3 வோல்ட் தருகிறது. அப்படி ஒன்று வீட்டில் இருக்கிறவர் 300 ஓமுக்கு வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 300 ஓமிலும் 600 ஓமிலும் எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். பதில் இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.