திடல்

ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் எங்கள் ஊரில் முதலில் மறைவது வரப்பு. தலைஞாயிறுப் பக்கம், காவிரியின் கடைமடை. மேற்கே பெய்த மழையெல்லாம் எங்கள் வயல்களில் தங்கி இளைப்பாறிவிட்டுத்தான் கடலுக்குப் போகும். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. அய்யனார் கோயில் திடல் மட்டும் ஆமை முதுகாய் மேலே தெரியும். ஊர் மாடுகள் அங்கேதான் நிற்கும்.

அத்தனையும் உம்பளச்சேரி மாடுகள். பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். நெற்றியில் இருக்கும் வெள்ளைச் சுட்டி மட்டும் அப்படியே நிற்கும். உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் பெயர். ஆள் குட்டை. எங்கள் ஊர்ச் சேற்றுக்கு அந்தக் குட்டைதான் சரி.

மழைக்கு அவை நிற்கும் விதத்தைத் திண்ணையிலிருந்து மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வாடை அடிக்கும் பக்கம் வாலைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, அசையாமல் நிற்கும். கன்றுகள் தாயின் வயிற்றோரம் ஒண்டும். முதுகில் விழும் தண்ணீர் விலா வழியே வழிந்து ஓடும்.

"மாடு நனையுதே தாத்தா" என்பேன்.

"நனையட்டும்டா. அது வயித்துக்குள்ள அடுப்பு எரியுது" என்பார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார்: தின்ற வைக்கோல் மாட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது சூடு பிறக்கிறது, நார் மிகுந்த தீனி என்றால் சூடும் கூடுதல். அடைமழை நாளில் தாத்தா பச்சைப் புல்லைக் குறைத்து, போரின் நனையாத தென்மேற்குப் பக்கமாகப் பார்த்து வைக்கோல் உருவிப் போட்டதன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

தாத்தாவுக்கு மழையைப் பற்றிப் பயமில்லை. மழையோடு காற்றும் சேர்ந்தால் முகம் மாறும். ரோமம் தோல்வரை நனைந்து, அதன்மேல் வாடையும் வீசினால் அடுப்பு தாக்குப்பிடிக்காது, கன்றுக்குட்டி வெடவெடத்துப் போகும். அதைவிட மோசம் படுக்க ஈரமில்லாத இடம் கிடைக்காதது. சேற்றிலேயே நின்றால் குளம்பிடுக்கு அழுகும். நின்று நின்றே மாடு ஓய்ந்துவிடும். சாயங்காலம் திடலில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவார். கொசு போனதோ இல்லையோ, என் கண்ணிலிருந்து தண்ணீர் போகும்.

1977 நவம்பர் புயலன்று எனக்கு ஒன்பது வயது. ரேடியோவில் சேதி கேட்டதும் தாத்தா செய்த முதல் வேலை, கொட்டகைக்குப் போய் எல்லா மாட்டுக்கும் கயிற்றை அவிழ்த்துவிட்டதுதான். "எங்கயாவது போயிடுமே" என்று அப்பாயி கத்தினாள். "போவட்டும். கட்டிப்போட்டா போவ முடியாதுல்ல" என்றார். விடிந்து பார்த்தால் கொட்டகைக்குக் கூரையே இல்லை. பதினோரு மாட்டில் ஒன்பது திடலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. மற்ற இரண்டும் மூன்றாம் நாள் தானாக வந்தன.

2018 கஜா புயலின்போது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பசு. தம்பி நல்லதென்று நினைத்துக் கொட்டகையில் கட்டிவைத்தான். கூரை அதன்மேலேயே சரிந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவிழ்த்துவிட்டிருந்தால் மட்டும் எங்கே போயிருக்கும்? திடலில் பாதியை மண்ணுக்காக வெட்டி எடுத்தாகிவிட்டது, மீதியில் வீடுகள். சுற்றி இருந்த மேய்ச்சல் தரையில் இறால் குட்டைகள்.

இப்போது எங்கள் பக்கம் தண்ணீருக்கு மேலே மிச்சமிருக்கும் மேடு தார்ச்சாலைதான். மழைக்கால ராத்திரியில் மாடுகள் அங்கேதான் வந்து படுக்கின்றன. சாம்பல் நிறமாதலால் மழையில் கிட்டே போகும்வரை தெரியாது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் அந்த மாதங்களில் வண்டி ஓட்டி வந்தால் கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.