மூளைக்கடியில் ஒரு பட்டாணி

மார்கழி மாதம், விடியற்காலை 5 மணி. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்க, நான் மட்டும் மின்சார விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தேன். “உனக்கு என்ன வந்துவிட்டது?” என்று முனகினார் என் கணவர். வந்தது ஒன்றுமில்லை, மாதவிலக்கு நின்று ஒரு வருஷமாகியிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. மாதா மாதம் சினைப்பைக்கு உத்தரவு போடுவது அதுதான். சினைப்பை ஓய்வு பெற்ற பிறகும் அது விடுவதில்லை. எப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை முன்னைவிடப் பல மடங்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். வேலைக்காரி நின்றுபோன பிறகும் கொல்லைப்புறம் பார்த்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் மாமியாரின் நினைவு வந்தது எனக்கு!

அந்த உபரியும் வீண் போகவில்லை. இத்தாலியில் வயதான கன்னிகாஸ்திரீகளின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, பிள்ளையில்லாதவர்களுக்கு ஊசி போட்டார்கள். 1962-ல் இஸ்ரேலில் அப்படி ஒரு குழந்தையும் பிறந்தது.

ரத்தக் கட்டி, மார்புப் புற்றுநோய் அபாயங்களை மறைக்காமல் சொல்லி, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்ட பிறகே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டரம்மா. கருப்பைக்குக் காவலாக இன்னொரு மாத்திரையும். நான்தான் ஒன்றைச் சொல்லவில்லை. 12 வருஷமாகத் தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள் நான். காலைக் காபி மாதிரி அதுவும் பழகிவிட்டதால், மருந்து என்றே நினைவில்லை.

வியர்வை நின்றது. ஆனால் இரண்டு மாதத்தில் வேறு தொல்லை. மாடிப்படி மலையாயிற்று, தலைமுடி சீப்போடு வந்தது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். “வயசாகிறதோ இல்லையோ!” என்றார் கணவர். நானும் நம்பிவிட்டேன்.

ரத்தம் பார்த்தால் டி.எஸ்.எச். 2-லிருந்து 11-க்கு ஏறியிருந்தது. அதுவும் அதே பட்டாணி போடும் கூச்சல்தான், இந்த முறை தைராய்டைப் பார்த்து! வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதம் அதிகமாக உண்டாகிறது. பிடிபட்டது உடம்புக்கு உதவாது. நல்ல தைராய்டானால் கூடுதலாகச் சுரந்து சரிக்கட்டிவிடும். மாத்திரையை நம்பி இருப்பவள் எங்கே போவாள்? ஒரு கூச்சலைத் தணித்த மருந்தே இன்னொன்றைக் கிளப்பிவிட்டது. முதல் கூச்சல்கூட முழுதாக அடங்குவதில்லையாம்.

தைராய்டு மாத்திரையைக் கூட்டலாம், அல்லது தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜனுக்கு மாறலாம். அதில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை என்றார் டாக்டரம்மா. தடவுவதற்கே மாறினேன். 8 வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 3. படிகளை ஒரே மூச்சில் ஏறி வந்து, “எனக்கு வயசு குறைந்துவிட்டதோ?” என்று அவரிடம் கேட்டேன்.

பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.