சிவப்பு விளக்கும் சாப்பாட்டு வண்டியும்

கூட்டும் குழம்பும் எழுத வேண்டிய பக்கத்தில் ஆயில் பம்ப்பைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்கிறீர்களா? எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். வேன் ஓடினால்தான் குழம்பு போய்ச் சேரும்!

திருச்சி உறையூரில் வீட்டிலேயே சமைத்து, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். 42 கேரியர். பிள்ளைகளெல்லாம் வெளியூர், வெளிநாடு. இந்தப் பெரியவர்களில் 9 பேர் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள். ஊசி போட்ட அரைமணிக்குள் வயிற்றில் ஏதாவது விழவேண்டும். தாமதித்தால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சிலருக்கு நினைவே தப்பும். “வண்டி வந்து நின்னப்புறம் ஊசி போடுங்க” என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாலும், கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

எங்களுடையது செகண்ட்ஹாண்டில் வாங்கிய ஆம்னி. 1984-ல் சாலைக்கு வந்த வண்டி. 2019-ல் தயாரிப்பு நின்றது. ஆனாலும் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. முன் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின். பின்னால் சாம்பார்த் தூக்கு சாயாமல் நிற்க தாராளமாய் இடம்.

2023 பங்குனி வெயிலில் ஒருநாள், புத்தூர் நால்ரோட்டில் வண்டி நின்றபோது, எண்ணெய்க் கிண்ணம் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. வண்டி நகர்ந்ததும் அணைந்துவிட்டது. “ஒண்ணுமில்ல, நீ கேரியரைப் பிடி” என்றார் இவர். மறுநாளும் அதே இடத்தில், அதே மினுக்கல். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எரியாது. நன்றாகச் சூடேறி, நிற்கும்போது மட்டும் எரியும்.

அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆயிலின் அழுத்தத்தைச் சொல்கிறது. அளவு பார்க்க டிப்ஸ்டிக் என்ற கம்பி இருக்கிறது. எங்கள் வண்டியில் அது சரியாகவே இருந்தது. அடித்தட்டில் கிடக்கும் ஆயிலை உறிஞ்சி, எஞ்சினுக்குள் சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் அழுத்தத்தோடு அனுப்புவது பம்ப்பின் வேலை. நம் உடம்பில் இதயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சூட்டில் ஆயில் இளகிவிடும். வண்டி நிற்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும். பலவீனம் அப்போதுதான் வெளியே தெரியும்.

முதலில் பார்த்த மெக்கானிக் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சுவிட்ச் கோளாறும்மா. வயரைப் பிடுங்கி விட்டுர்றேன், விளக்கு எரியாது” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “தெர்மாமீட்டரை உடைச்சுட்டா காய்ச்சல் போயிடுமாங்க?” என்று கேட்டுவிட்டேன். “அப்படின்னா தடிச்ச ஆயில் ஊத்துறேன்” என்றார். அதுவும் வலிக்கு மேல்பூச்சு தடவுகிற வைத்தியம்தான். வண்டியைத் திருப்பச் சொன்னேன். வழியெல்லாம் இவர் பேசவில்லை.

பாலக்கரையில் ஒரு பட்டறை வைத்திருக்கும் பாய், சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் மீட்டரைத் திருகினார். சுவிட்ச் கெட்டதா, அழுத்தமே இல்லையா என்பது இப்படித்தான் தெரியும். யாராவது ‘சுவிட்ச்’ என்று கையை விரித்தால், “மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். சூடான எஞ்சினை முறுக்கியும் எங்கள் முள் ஏறவில்லை.

சம்ப் என்கிற அடித்தட்டைக் கழற்றியதும் வண்டவாளம் தெரிந்தது. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ ஒட்டும் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து, ஆயிலை உறிஞ்சும் வலையில், டீ வடிகட்டியில் ஆடை படிந்த மாதிரி அப்பியிருந்தது. “வலையைக் கழுவிட்டா போதாதா பாய்?” என்றார் இவர். பாய் பம்ப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு பல் வளையங்கள். வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே 0.15 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாதாம். எங்களுடையதில் அதைவிடத் தடித்த தகடு சுலபமாய் நுழைந்தது. சுவரெல்லாம் கீறல். அதோடு ஒரு பேரிங்கையும் கழற்றிப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தால் புதுப் பம்ப் போட்டும் பிரயோசனமில்லை. நல்லவேளை, அது வழவழவென்றிருந்தது.

இந்த எஞ்சினில் பம்ப்பை எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றியதோடு புது பெல்ட், ஆயில் சீல், ஃபில்டர், சுமார் 3 லிட்டர் ஆயில் எல்லாம் சேர, கூலியோடு 7,400 ரூபாய். பெல்ட்டுக்கென்று பிறகு தனியாகப் போனால் அதே கூலியை இன்னொரு தடவை அழவேண்டும்.

அந்த 7,400 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மாமியாரின் கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்து வைத்த பணம். இவர் முகம் கறுத்துவிட்டது. “அம்மா கண்ணைவிட வண்டி பெரிசா உனக்கு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. திண்ணையிலிருந்து அத்தைதான் சொன்னார்: “டாக்டர்கிட்ட கேளுடா, ஒரு மாசம் தள்ளலாமான்னு. என் கண்ணு பொறுக்கும். ஊசி போட்டுட்டு உக்காந்திருக்கிறவங்க வயிறு பொறுக்குமா?” டாக்டர் தள்ளலாம் என்ற பிறகுதான் பணத்தைத் தொட்டேன். ஆபரேஷன் ஒன்றரை மாதம் கழித்து நடந்தது. அதுவரை அரிசியில் கல் பொறுக்கும் வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அதில்தான் அத்தைக்கு வருத்தம்!

வண்டி பட்டறையில் இருந்த இரண்டு நாளும் ஒரு ஆட்டோ, நாத்தனார் மகனின் மொபெட். இன்சுலின் வீடுகள் ஒன்பதுக்கும் முதல் நடை. “கேரியர் கைக்கு வந்தப்புறம்தான் ஊசி” என்று காலையிலேயே போன் செய்துவிட்டேன்.

புதுப் பம்ப்பை மாட்டுமுன் பாய் அதற்குள் ஆயிலை ஊற்றிச் சுற்றிவிட்டார். கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஏற்றுகிறோமே, அதேபோல. வெறுமனே மாட்டினால் உடனே உறிஞ்சாது. பிறகு ஸ்பார்க் வராமல் கம்பியைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினார். அதற்கப்புறம்தான் எஞ்சின் உயிர்பெற்றது. பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். நீங்களும் கழற்றிய சாமானைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஓடும்போது அந்த விளக்கு அணையாமல் எரிந்தால், வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிடாதீர்கள். ஓரங்கட்டி, அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள். சாவி போட்டதும் அது ஒருமுறை எரிய வேண்டும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். எரியவில்லையென்றால் யாரோ வயரைப் பிடுங்கியிருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

உள்ளே மிச்சமிருக்கும் பசைத் துணுக்குகளுக்காக, முதல் தடவை 1,500 கிலோமீட்டரிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொன்னார் பாய், மாற்றிவிட்டோம். இப்போது வாரம் ஒருநாள், எஞ்சின் ஆறியிருக்கும்போது, இவரே சீட்டைத் தூக்கி டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கிறார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.